முத்திரை பொருந்தாத பொதி

உடப்புசல்லாவைப் பகுதியிலிருந்து கொழும்புக்கு இறங்கும் தேயிலைப் பொதி ஒவ்வொன்றின் மீதும் தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், இன்வொயிஸ் இலக்கம், நிறை ஆகியன பொறிக்கப்பட்டிருத்தலை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். முன்னாளில் அவை பலகைப் பெட்டிகளிற் பொறிக்கப்பட்டன. இந்நாளிற் கடதாசிச் சாக்குகளிற் பொறிக்கப்படுகின்றன. 1883 ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தில் விலை கூறுவோர் எல்லாரும் அந்தந்தத் தோட்டத்தை நேரிற் கண்டவர் அல்லர். பொதியின் மீதுள்ள குறியும், அதனோடு வரும் பட்டியலும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதே அவர்களுடைய நம்பிக்கைக்கு முதல் ஆதாரம். பொருந்தாத பொதி ஒன்று வந்துவிட்டால், அறிவுடைய களஞ்சியப் பொறுப்பாளர் அதனை ஒருபுறம் எடுத்து வைத்துக் காரணம் கேட்பார். குறியை அழித்துவிட்டுப் பொதியை உள்ளே தள்ளமாட்டார்.

இக்காலத்தில் இம்மலைகளை நோக்கி ஏறி வரும் வேறொரு வகைப் பொதியும் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத அப்பொதி, கணினிக்கு உரிய மென்பொருட் பொதியாகும். லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை உபயோகிப்போர், தங்கள் கணினியை இற்றைப்படுத்தும்போதெல்லாம் இத்தகைய பொதிகளைத் தொலைவிலுள்ள களஞ்சியங்களிலிருந்து பெற்றுக்கொள்கின்றனர். அப்போது சில வேளைகளில், கையொப்பத்தைச் சரிபார்க்க இயலவில்லை என்று கணினி அறிவித்துவிட்டு, மேற்கொண்டு செல்ல மறுத்து நின்றுவிடுகிறது. இந்த மறுப்பு எதனால் எழுகிறது, அதனை எவ்வாறு தீர்ப்பது, எவ்வாறு தீர்க்கலாகாது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

லினக்ஸின் கருவை 1991 ஆம் ஆண்டு பின்லாந்து தேசத்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். அதனை அடிப்படையாகக் கொண்டு டெபியன், உபுண்டு, பெடோரா முதலிய பல வழங்கல்கள் தோன்றின. இவற்றுக்கு உரிமக் கட்டணம் இல்லை. இவற்றுட் சில, பழைய கணினியிலும் ஓடும். 2025 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 14 ஆம் திகதியோடு வின்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு முடிவுற்றமையால், புதிய வின்டோஸை ஏற்க இயலாத பழைய கணினிகளை வைத்திருப்போர்க்கு லினக்ஸ் ஒரு புகலிடமாயிற்று. தோட்டப்புறத்து வாசிகசாலைகளுக்கும் சிறு பாடசாலைகளுக்கும் நன்கொடையாக வந்து சேர்வன பெரும்பாலும் இத்தகைய பழைய கணினிகளே.

உடப்புசல்லாவையை அடுத்த ஒரு தோட்டத்து வாசிகசாலையில் யான் கண்டதொன்றைக் கூறுகிறேன். அங்கிருந்த ஒரேயொரு கணினி, மழைக்காலத்து மின்வெட்டுகளுக்குப் பின், இற்றைப்படுத்தலை ஏற்க மறுத்தது. அதனைக் கவனித்துவந்த இளைஞர், "சேர், இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் இந்தக் கையொப்பச் சோதனையே நடக்காதாம். காணொளியில் ஒருவர் செய்து காட்டினார்" என்றார். சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டுத் திரையின் மூலையைப் பார்த்தேன். அக்கணினியின் நாட்காட்டி 2012 ஆம் ஆண்டைக் காட்டிக்கொண்டிருந்தது! கணினியின் உள்ளே நேரத்தைக் காத்து நிற்கும் மூன்று வோல்ற் நாணய மின்கலம் தேய்ந்துபோயிருந்தது. வலையத்தின் வழியே நேரத்தைத் திருத்திக்கொள்ளும் வசதியையும் யாரோ நிறுத்திவைத்திருந்தார்கள். 2012 ஆம் ஆண்டில் வாழ்வதாக எண்ணிக்கொண்டிருந்த கணினி, பின்னொரு காலத்திலே இடப்பட்ட கையொப்பத்தை ஏற்க மறுத்ததில் வியப்பில்லை. மின்கலத்தை மாற்றி நேரத்தைத் திருத்தியதும் இற்றைப்படுத்தல் தடையின்றி நடந்தது. அந்த இளைஞர் கூறிய வரியைச் சேர்த்திருந்தாலோ, கடிகாரம் பழுதாகவே இருந்திருக்கும், காவலும் போயிருக்கும்.

இனி, இக்கையொப்பம் எத்தகையது என்பதைப் பார்ப்போம். மையினால் இடப்படும் கையொப்பம் அன்று இது, கணிதத்தினால் ஆவது. 1976 ஆம் ஆண்டு டிபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இதற்கான கருத்தை வெளியிட்டனர். அடுத்த ஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் என்னும் மூவர் அதனை நடைமுறைக்கு உகந்த முறையாக்கினர். இம்முறையிலே ஒருவரிடம் இரண்டு திறவுகோல்கள் இருக்கும். ஒன்று அவர் எவருக்கும் காட்டாத தனித் திறவுகோல். மற்றையது உலகறிய வெளியிடும் பொதுத் திறவுகோல். தனித் திறவுகோலால் இடப்பட்ட கையொப்பத்தை, அதற்கு இணையான பொதுத் திறவுகோலைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம். ஆனால் அக்கையொப்பத்தை வேறொருவர் இடமுடியாது. பில் சிம்மர்மன் என்பவர் 1991 ஆம் ஆண்டு இதனைப் பொதுமக்கள் உபயோகிக்கத்தக்க மென்பொருளாக்கினார். பின்னர் வேர்னர் கொக் என்னும் ஜெர்மானியர் இயற்றிய நூ பிறைவசி கார்ட் என்னும் கட்டற்ற மென்பொருள் லினக்ஸ் உலகிற் பரவிற்று.

டெபியன், உபுண்டு ஆகியவற்றில் ஆப்ட் என்னும் கருவி இச்சோதனையைச் செய்கிறது. அதன் முறை தேயிலை அனுப்பும் முறையைப் பெரிதும் ஒத்தது. களஞ்சியம் முதலில் ஒரு தலைமைப் பட்டியலை அனுப்புகிறது. கையொப்பம் இடப்படுவது இத்தலைமைப் பட்டியலுக்கே. அதிற் கிளைப் பட்டியல்களின் சாரக்குறிகள் எழுதப்பட்டிருக்கும். கிளைப் பட்டியல்களிலே ஒவ்வொரு பொதியின் சாரக்குறியும் எழுதப்பட்டிருக்கும். சாரக்குறி என்பது, ஒரு கோப்பு முழுவதையும் கணக்கிட்டுப் பெறும் அறுபத்துநான்கு எழுத்துக்களாலான குறி. கோப்பில் ஓர் எழுத்து மாறினும் சாரக்குறி முற்றாக மாறிவிடும். ஆகவே தலைமைப் பட்டியலின் கையொப்பம் மெய்யாயின், அதிலிருந்து சங்கிலித் தொடராக ஒவ்வொரு பொதியையும் நம்பலாம். இன்வொயிஸ் மெய்யாயின், அதிற் கண்ட இலக்கத்தையும் நிறையையும் கொண்டு ஒவ்வொரு சாக்கையும் சரிபார்த்துக்கொள்வது போன்றதே இது. டெபியனில் இவ்வேற்பாடு 2007 ஆம் ஆண்டு வெளியான நான்காம் பதிப்போடு நிலைபெற்றது. பெடோரா, ஆர்ச் முதலிய வழங்கல்களிலோ ஒவ்வொரு பொதிக்கும் தனித்தனியே கையொப்பம் உண்டு.

சோதனை தவறும்போது கணினி கூறும் விடைகள் எல்லாம் ஒரே பொருள் உடையன அல்ல. இதனை உணராமையே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். "இக்கையொப்பம் பொய்" என்பது ஒரு விடை. "இக்கையொப்பம் மெய்யோ பொய்யோ, அறிவதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை" என்பது வேறொரு விடை. இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தை மலையக மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டபோது, பத்திரம் காட்ட இயலாதோர் பொய்யர் அல்லர். பத்திரம் இல்லாமை ஒன்று, பொய்ம்மை மற்றொன்று. அவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதன் விளைவை, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை ஒரு சமூகம் அனுபவித்தது. கணினி இவ்விரண்டையும் பிரித்தே கூறுகிறது. அதனைக் கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும்.

திரையிலே தோன்றும் அறிவித்தல்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, "நோ பப்கீ" என்பது. பொதுத் திறவுகோல் இல்லை என்பது இதன் பொருள். பட்டியலிற் கையொப்பம் இருக்கிறது. அதனைச் சரிபார்க்கும் திறவுகோல் நம்மிடம் இல்லை. புதியதொரு களஞ்சியத்தைச் சேர்த்து, அதன் திறவுகோலைச் சேர்க்க மறந்தபோதும், களஞ்சியத்தார் தம் திறவுகோலை மாற்றியபோதும் இது நேரும். 2025 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற் காளி லினக்ஸ் என்னும் வழங்கலின் பொறுப்பாளர், தங்கள் பழைய தனித் திறவுகோலை உபயோகிக்கும் வழியை இழந்துவிட்டதாகப் பகிரங்கமாக அறிவித்தனர். அத்திறவுகோல் கள்வர் கையிற் சிக்கவில்லை; அவர்களே அதனைத் தவறவிட்டார்கள். புதிய திறவுகோலை உண்டாக்கிக் கையொப்பமிட வேண்டியதாயிற்று. அதன் பயனாக, உலகெங்கும் அவ்வழங்கலை உபயோகித்தோர், புதிய திறவுகோலைத் தாமே பெற்று நிறுவும் வரையில் இற்றைப்படுத்த முடியாதவராயினர். ஈண்டுக் கணினி செய்தது முற்றிலும் சரி. அறியாத கையொப்பத்தை அறியேன் என்றது.

இரண்டாவது, "எக்ஸ்ப் கீ சிக்" என்பது. திறவுகோலின் தவணை முடிந்தது என்பது இதன் பொருள். அடையாள அட்டை உண்மையானதே. ஆனால் அதன் காலம் கடந்துவிட்டது. நெடுநாள் அலுமாரியிற் கிடந்த கணினியை மீண்டும் இயக்கும்போது இது தோன்றுவதுண்டு. டெபியன், உபுண்டு, ஆர்ச் ஆகியன தத்தம் திறவுகோற் கொத்தை ஒரு தனிப் பொதியாக வழங்குகின்றன. பிற பொதிகளுக்கு முன்பாக அக்கொத்தை இற்றைப்படுத்தினால் தொல்லை பெரும்பாலும் நீங்கும். கொத்தும் மிகப் பழையதாயின், புதிய நிறுவல் வட்டிலிருந்து தொடங்குவதே நேரிய வழி.

மூன்றாவது, காலம் பற்றியது. பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்றோ, அதன் தவணை கடந்துவிட்டது என்றோ கணினி கூறும். முன்னர் யான் கூறிய வாசிகசாலைக் கணினியின் நோய் இதுவே. பட்டியலுக்குத் தவணை ஏன் என்று கேட்கலாம். பழைய பட்டியலொன்றை எவரேனும் எடுத்து வைத்துக்கொண்டு அதனையே மீண்டும் மீண்டும் நமக்குக் காட்டினால், கையொப்பம் மெய்யாகவே இருக்கும்; ஆயினும் அண்மையில் அடைக்கப்பட்ட ஓட்டைகள் நம் கணினியில் திறந்தபடியே கிடக்கும். சென்ற பருவத்து இன்வொயிஸைக் காட்டி இப்பருவத்துத் தேயிலையை விற்பதற்கு ஒப்பானது அது. அதனைத் தடுத்தற்கே தவணை. ஆதலால் எந்தக் கையொப்பப் பிழை தோன்றினும் முதலிற் கடிகாரத்தைப் பார்த்தல் வேண்டும்.

நான்காவது, "நோ ஸ்பிளிட்" என்னும் விந்தையான சொல்லோடு வருவது. கையொப்பமிட்ட பட்டியலை எதிர்பார்த்த கணினிக்கு, அதற்குச் சற்றும் தொடர்பில்லாத வேறொன்று கிடைத்தது என்பது இதன் கருத்து. வலையம் அனுமதிச் சொல் கேட்கிறதோ என்று ஆப்ட் கருவியே அவ்வறிவித்தலில் வினவுகிறது. கைப்பேசி வழியாக இணையத்தைப் பெறும் இடங்களில் இதற்குக் காரணம் எளிது. ரீலோட் செய்த டேட்டா தீர்ந்துவிட்டால், நாம் எதனைக் கேட்டாலும், பணம் செலுத்துமாறு கூறும் பக்கத்தையே சேவையாளர் அனுப்பிவைப்பதுண்டு. கணினி அப்பக்கத்தைப் பட்டியலென எண்ணிக் கையொப்பத்தைத் தேடி ஏமாறுகிறது. இங்கே வேண்டுவது டேட்டா மட்டுமே. திறவுகோலைத் தொடவே வேண்டா.

ஐந்தாவது, சாரக்குறி பொருந்தாமை. பதிவிறக்கம் நடுவே சிதைந்தாலும், இடையில் நிற்கும் சேமிப்பகம் பழைய பிரதியைத் தந்தாலும், களஞ்சியத்தின் பிரதித் தளம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் வேளையில் நாம் புகுந்தாலும் இது நேரும். சேமித்த பட்டியல்களை அழித்துவிட்டுச் சில மணி நேரம் கழித்து மீண்டும் முயல்வதும், வேறொரு பிரதித் தளத்தைத் தெரிவதும் போதும்.

ஆறாவது, "பேட் சிக்" என்பது. திறவுகோல் நம்மிடம் இருக்கிறது; கையொப்பமும் இருக்கிறது; ஆயினும் பட்டியலோடு கையொப்பம் பொருந்தவில்லை. சிதைந்த பதிவிறக்கத்தாலும் இவ்வாறு ஆகலாம். ஆயினும், இடையில் எவரோ கைவைத்தார் என்பதற்கும் இதுவே அடையாளம். ஆகவே பட்டியலை அழித்து மீண்டும் பெறுக. வேறோர் இணைப்பின் வழியாகப் பெற்றுப் பார்க்க. அதன் பின்னும் நீடிக்குமாயின், பொதியை நிறுவாது களஞ்சியத்தாருக்கு அறிவிப்பதே கடமை.

இன்னுமொரு காரணமும் அண்மையில் தோன்றியுள்ளது. கையொப்பமிடப் பயன்பட்ட பழைய கணித முறைகளுட் சில வலுவிழந்துவிட்டன. 2025 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் வெளியான டெபியன் 13 ஆம் பதிப்பு, ஷா ஒன்று என்னும் பழைய முறையைச் சார்ந்த கையொப்பங்களை 2026 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதியிலிருந்து ஏற்பதில்லை. நேற்று வரை செல்லுபடியான களஞ்சியம் திடீரென மறுக்கப்பட்டால் இதுவும் காரணமாகலாம். இதனைத் திருத்த வேண்டியவர் களஞ்சியத்தார்.

திறவுகோல் இல்லை என்னும் நிலையில் அதனைப் பெறும் வழி யாது? இங்கேதான் மிகுந்த விழிப்பு வேண்டும். அறிவித்தலிற் கண்ட எண்ணை அப்படியே எடுத்து, எங்கிருந்தோ அதற்குரிய திறவுகோலை வரவழைத்துச் சேர்த்துவிடுவோர் பலர். அறிமுகமில்லாத ஒருவர் வாயிலில் நின்று தம் பெயரைக் கூற, அப்பெயரையே நம் நம்பிக்கைப் பட்டியலில் எழுதிக்கொண்டு கதவைத் திறப்பதற்கு இது நிகர். திறவுகோல் ஒவ்வொன்றுக்கும் கைநாட்டுப் போன்ற ஓர் அடையாளம் உண்டு. பொதுவாக நாற்பது எழுத்துக்களும் எண்களும் கொண்டது அது. களஞ்சியத்தாரின் சொந்தத் தளத்திலிருந்து திறவுகோலைப் பெற்ற பின், அக்கைநாட்டை வேறொரு வழியால் அறிந்து, ஒன்றோடொன்று ஒப்பிடல் வேண்டும். வழங்கலின் அச்சிட்ட கையேடு, முன்னரே நம்பிக்கைக்குரியதாய் இயங்கும் மற்றொரு கணினி, அத்துறையறிந்த நண்பர் ஆகிய எதுவும் அந்த வேறு வழியாகலாம்.

வேறு வழி ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு சம்பவம் சான்று. 2016 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 ஆம் திகதி, லினக்ஸ் மின்ட் என்னும் வழங்கலின் தளத்தினுள் கள்வர் புகுந்து, பதிவிறக்க இணைப்பை மாற்றி, இரகசியக் கதவு பொருத்திய போலிப் பிரதியை வைத்தனர். தளமே கள்வர் கைப்பட்டபின், அதே தளத்தில் எழுதப்பட்டிருக்கும் சாரக்குறி எவ்விதம் காவலாகும்? பொருளையும் அதற்குரிய சான்றையும் ஒரே கையிலிருந்து பெறுதல் சான்று ஆகாது.

திறவுகோலை வைக்கும் இடமும் முக்கியம். முன்பு ஆப்ட் கீ என்னும் கட்டளையால் எல்லாத் திறவுகோல்களையும் ஒரே கொத்திற் சேர்த்தனர். அதனால், ஒரு சிறு செயலிக்காகச் சேர்த்த திறவுகோல், கணினியின் எல்லாக் களஞ்சியங்களுக்கும் கையொப்பமிடும் உரிமை பெற்றது. கடைச் சாவியைக் கொடுப்பதற்குப் பதிலாக வீட்டின் எல்லாச் சாவிகளையும் கொடுத்தது போலாயிற்று. அக்கட்டளை டெபியன் 13 இல் முற்றாக நீக்கப்பட்டது. இன்று, திறவுகோலைத் தனிக் கோப்பில் வைத்து, இக்களஞ்சியத்துக்கு மட்டும் இத்திறவுகோல் என்று களஞ்சியக் குறிப்பில் எழுதிவிடுவதே முறை.

இத்தனை சிரமம் எதற்கு, சோதனையை நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்போர் உளர். நிறுவப்படும் பொதி, கணினியின் முழு அதிகாரத்தோடும் நிறுவப்படுகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அந்த வாசிகசாலைக் கணினியிலேதான் பிள்ளைகளின் பரீட்சை விண்ணப்பங்கள் நிரப்பப்படுகின்றன. பெற்றோரின் அடையாள அட்டை இலக்கங்கள் அதில் எழுதப்படுகின்றன. வெளிநாட்டில் வேலை செய்யும் தாய் அனுப்பும் பணத்துக்குரிய வங்கிக் கணக்கு அதிலேதான் பார்க்கப்படுகிறது. ஒரு போலிப் பொதி உள்ளே புகுந்தால், கொள்ளை போவது கணினியின் உடைமையன்று. பத்திரங்களைச் சேர்ப்பதற்காக இரண்டு தலைமுறை பாடுபட்ட குடும்பங்களின் உடைமை. மேலும், சோதனையை நிறுத்தும் அந்த ஒரு வரி, அன்றைய இற்றைப்படுத்தலோடு மறைந்துவிடுவதில்லை. எழுதியவர் மறந்த பின்னும், அவர் வேலைதேடிக் கொழும்புக்குச் சென்ற பின்னும், அது அங்கேயே இருக்கும்.

அதே வேளையிற் கையொப்பத்தின் எல்லையையும் அறிந்திருத்தல் நேர்மை. யார் அனுப்பினார், வழியில் மாறியதா என்பவற்றையே கையொப்பம் கூறும். அனுப்பியவர் நல்லவரா என்பதை அது கூறாது. 2024 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29 ஆம் திகதி, எக்ஸ் ஸெட் என்னும் சுருக்கும் மென்பொருளில் இரகசியக் கதவொன்று இருப்பதை அண்ட்ரெஸ் பிராயண்ட் என்பவர் வெளிப்படுத்தினார். அதனைப் புகுத்தியவர், அம்மென்பொருளைப் பராமரிக்கும் பொறுப்பைப் பொறுமையோடு பெற்றிருந்த ஒருவரே. ஆகவே கையொப்பம் முறையாகவே இருந்தது. தம் கணினி வழமையிலும் சற்றே தாமதமாக இயங்குவதைக் கண்டு காரணம் தேடிய ஒரு மனிதரின் கவனமே அத்தீங்கை வெளிக்கொணர்ந்தது. முத்திரை ஒரு காவல்; விழிப்பு மற்றொரு காவல். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

சுருங்கக் கூறின், கையொப்பப் பிழை தோன்றியவுடன் முதலிற் கடிகாரத்தைப் பார்க்க. அடுத்து இணைப்பையும் டேட்டாவையும் பார்க்க. பின்னர்ச் சேமித்த பட்டியல்களை நீக்கி மீண்டும் முயல்க. அதன் பின் திறவுகோற் கொத்தை இற்றைப்படுத்துக. இவை யாவும் பயன்படாதபோது மாத்திரமே புதிய திறவுகோலைத் தேடுக. அதனையும் கைநாட்டை ஒப்பிட்டே ஏற்க. சோதனையை நிறுத்துமாறு யார் கூறினும் கேளாதிருக்க.

அந்த வாசிகசாலை இளைஞர் இப்போது கணினிக்கு அருகே ஒரு கடதாசியை ஒட்டிவைத்திருக்கிறார். மின்கலம் மாற்றிய திகதியும், உபயோகிக்கும் களஞ்சியங்களின் பெயர்களும், அவற்றின் திறவுகோற் கைநாட்டுகளும் அதில் எழுதப்பட்டுள்ளன. அவருக்குப் பின் அக்கணினியைப் பொறுப்பேற்பவர், காரணம் அறியாது திகைக்க வேண்டியதில்லை.